இரண்டுக்கும் எட்டுக்கும் வெளியே

ஏற்காட்டில் ஒரு எஸ்டேட் பங்களாவைக் காலி செய்தபோது
கட்டில், பீரோ, கிழிந்த டென்னிஸ் வலையோடு
இந்த ஃபிரிட்ஜையும் ஏலத்தில் விட்டார்கள்.
ஆயிரத்து நானூறு என்றேன்.
போட்டிக்கு யாருமில்லை.
ஏலம் விட்டவரே என்னை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார்.

குட்டி யானையில் நிறுத்திக் கயிற்றால் கட்டி
இருபது கொண்டை ஊசியும் இறங்கினோம்.
ஒவ்வொரு வளைவிலும் கதவைத் திறந்து
வெளியே எட்டிப் பார்த்தது.
"வந்ததும் சுவிட்ச் போட்ராதீங்கம்மா,
ஒரு நாள் நின்னு பழகட்டும்" என்றார் சுக்கூர் பாய்.
நின்றது.
பதினோரு வருஷம் ஆகிறது,
சேலத்துக்கு இன்னும் பழகவில்லை.

சூரமங்கலத்தில் மே மாதம்,
தார் ரோடு செருப்பைப் பிடித்து இழுக்கும் மதியத்தில்
எனக்கென்ன என்று உட்கார்ந்திருக்கும்.
வெண்ணெய் தட்டில் ஓடும்.
மார்கழியில், யாரும் கேட்காதபோது,
மலை ஞாபகம் வந்துவிடும் போல.
கொத்தமல்லிக் கட்டு கண்ணாடியாய் உடையும்,
முட்டை வெடிக்கும்,
இட்லி மாவை உளி வைத்துப் பெயர்க்க வேண்டும்.

வேலையில் நான் வேறு ஆள்.
தடுப்பூசி அறைக்குப் பொறுப்பு.
காலை ஒன்பதுக்கும் மாலை நாலுக்கும்
இரண்டு டிகிரிக்கும் எட்டு டிகிரிக்கும் நடுவே
முள் நிற்கிறதா என்று பார்த்து
நீல மையில் எழுதிக் கையெழுத்திடுவேன்.
ஒரு கோடு தாண்டினால்
மாவட்ட ஆபீசிலிருந்து போன் வரும்.
அந்தப் பெட்டி மேல் எனக்கு மரியாதை உண்டு.
அதனிடம் ஒருநாளும் பேசியதில்லை.

இதனிடம் பேசுகிறேன்.
"கத்தாத, கரண்டு வந்துரும்."
"பாலைக் கெடுத்துராத,
சம்பளத்துக்கு இன்னும் ஆறு நாள் இருக்கு."
கதவைப் பிடித்து நிறுத்த ஒரு சைக்கிள் டியூப்.
குமிழில் எண்கள் எப்போதோ அழிந்துவிட்டன,
நாடி பிடிப்பதுபோல் தடவித்தான் திருப்புகிறேன்.
நள்ளிரவில் மோட்டார் ஓயும்போது
உடம்பை ஒரு குலுக்குக் குலுக்கி
விரலளவு முன்னால் நகரும்.
ஞாயிறுதோறும் இடுப்பால் இடித்துச் சுவரோரம் சேர்ப்பேன்.
திங்கட்கிழமை பார்த்தால்
மறுபடி வடகிழக்கே கிளம்பியிருக்கும்.
மலை அந்தப் பக்கந்தான்.

பாலுக்கு ஆகாது, தயிருக்கு ஆகாது.
பூவுக்கு ஆகும்.
கண்டுபிடித்தது எதிர்வீட்டுப் பாவாயி அக்கா.
விற்காமல் மிஞ்சிய பனமரத்துப்பட்டி குண்டுமல்லியை
ஈரத்துணியில் சுற்றி ஒரு ராத்திரி வைத்தாள்.
மூன்றாம் நாளும் மொட்டு வாய் திறக்கவில்லை.
அன்றிலிருந்து நடுத்தட்டு அவளுடையது.
காப்பியில் மல்லி வாசம்,
புளிக்குழம்பில் மல்லி வாசம்.
"எசென்ஸ் ஏதாவது போட்டீங்களா?"
என்பார்கள் வருகிறவர்கள்.
ஆமாம் என்றுவிடுவேன்.

போன ஆடித் தள்ளுபடியில்
தம்பி கேட்காமலேயே புதிது வாங்கி அனுப்பினான்.
இரட்டைக் கதவு. நெற்றியில் எண் எரியும்.
பழையதைத் தூக்கிப்போக வந்த பையன்கள்
"இதுக்கு இருநூறுதாங்கா கழிப்பாங்க" என்றபடி
டியூப்பை அவிழ்த்தார்கள்.
கோட்டை மாரியம்மன் பண்டிகை வாரம் அது.
மூன்று தட்டும் பூ. முட்டை வைக்கும் குழியிலும் பூ.
சமையலறை முழுக்க வாசம் இறங்கியது.
ஒரு பையன் செருப்பைக் கழற்றிவிட்டான்,
ஏனென்று அவனுக்கே தெரியவில்லை.

"பூ தீரட்டும், அப்புறம் வாங்க" என்றேன்.
டியூப்பைத் திரும்பக் கட்ட அவர்களுக்கு வரவில்லை.
நான்தான் கட்டினேன்.

பூ தீரவில்லை.
பிறகு ஆவணி முகூர்த்தம், பிறகு ஆயுத பூஜை.
இப்போது இரண்டும் அருகருகே நிற்கின்றன.
புதியது எப்போதும் 4 என்கிறது.
நான் அதை எங்கும் எழுதுவதில்லை.

இந்த ஞாயிறு
புதியதைத்தான் கொஞ்சம் ஒதுக்கி வைத்தேன்.
இது போக வழி வேண்டாமா.